லாரி இல்லாத ரோடு

லாரியின் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. எனக்குச் சோறு போடுவதே அதுதான். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில் கேட் சூப்பர்வைசராக இருக்கிறேன். கப்பல் வந்து நின்றால் லாரிகள் வரிசை கட்டும். எதை உள்ளே விடுவது, எதை ஓரம் கட்டுவது, எதை வெளியே அனுப்புவது என்று பார்ப்பது என் வேலை. என் மனைவி அந்த லாரிகளை 'உங்க பிள்ளைய' என்றுதான் சொல்வாள். எங்களுக்கு உள்ளபடி பிறந்தது ஒரு மகள்தான், அவள் பெங்களூரில் இருக்கிறாள்.

அந்தப் பிள்ளைகளில் ஒன்று இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மனைவியைச் சைக்கிளோடு ரோட்டோரப் பள்ளத்தில் தள்ளிவிட்டது. அவள் ஆரம்பப் பள்ளி டீச்சர், நாசரேத்துக்காரி. பாவாடை கட்டிய வயதிலிருந்து சைக்கிள் ஓட்டியவள். சாயர்புரத்தில் கல்லூரியில் படித்தபோதும் சைக்கிள், கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் சைக்கிள். கூட வேலை பார்க்கிற டீச்சர்கள் எல்லாரும் ஸ்கூட்டர் வாங்கிய பிறகும் இவள் மட்டும் ஹேண்டில்பாரில் டிபன் பையை மாட்டிக்கொண்டு மணியடித்துப் போவாள். ஒரு நாள் துறைமுக ரோட்டில் கண்டெய்னர் லாரி ஒன்று இவளைத் தாண்டிப் போகும்போது அதன் வால் பக்கம் ஹேண்டிலில் உரசியது. விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்து பிளேட் வைத்தார்கள். லாரிக்காரனுக்கு ஒன்றுமே தெரியாது, அவன் பாட்டுக்குப் போய்விட்டான்.

நான் அன்றைக்கே நாலு பேரிடம் விசாரித்து, அது எங்கள் யார்டு லாரி இல்லை என்று கண்டுபிடித்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தவளிடம் ஓடிப்போய், ஏதோ பரீட்சை ரிசல்ட் சொல்வது போல, “நம்ம யார்டு இல்லளா!” என்று சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அதற்குச் சமமான பார்வை நான் வாங்கியதில்லை.

கை சரியாகிவிட்டது. பயம்தான் போகவில்லை. சைக்கிள் பின்னறையில் நின்றது. முதலில் அதன் மேல் ஒரு துண்டு காய்ந்தது. பிறகு இரண்டு உள்பாவாடை. மழைக்காலம் வந்ததும் அது முழு நேரக் கொடியாகவே ஆகிவிட்டது. இவள் ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தாள். ஒரு வகுப்பையே ஒற்றைப் புருவத்தால் உட்கார வைக்கிறவள், ரோட்டைக் கடக்கும்போது ஏர் ஹாரன் கேட்டால் என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். எனக்கு அது தாங்கவில்லை. சட்டை கிழிந்தால் கிழியட்டும், இவளுக்குப் போய் இப்படி ஒரு பயமா என்று இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்து ஆட்டுக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, நல்ல நேரம் பார்த்துப் பேச்சை எடுத்தேன். ரெண்டு பேரும் சைக்கிளில் எங்கேயாவது போய்வந்தால் என்ன?

“போவலாமே. லாரி இல்லாத ரோடு ஒண்ணு காட்டுங்க, ஓட்டுதேன்.”

“காட்டுதேன்.”

“ஒரே ஒரு லாரி என் ரோட்டுல வந்தாலும் சரி, அன்னைக்கே சைக்கிளத் தூக்கிச் சைக்கிள்கடை அண்ணாச்சிட்ட குடுத்துருவேன். அதுக்குப் பெறவு இந்தப் பேச்சையே எடுக்கப்படாது. சரியா?”

சரி என்று சொல்லிவிட்டேன். ஆட்டுக்குழம்பு செய்த வேலை. தூத்துக்குடியில் இருந்துகொண்டு லாரி இல்லாத ரோடு காட்டுகிறேன் என்று சொல்கிறவன், அதுவும் லாரிகளை ரோட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறவன், என்னைத் தவிர யாரும் இருக்கமாட்டான். அவள் கேட்டது நிபந்தனையே இல்லை, முடியாது என்பதை மரியாதையாகச் சொல்லியிருக்கிறாள் என்று மறுநாள்தான் எனக்கு உறைத்தது. அதனாலேயே எனக்கு வீம்பு வந்துவிட்டது.

முதலில் உப்பளம். முள்ளக்காட்டுப் பக்கம் பாத்தி பாத்தியாகக் கிடக்கிற உப்பளங்களுக்கு நடுவே வரப்பு போகிறது. வரப்பில் எந்த லாரி வரும்? தனியாக ஒரு சனிக்கிழமை என் சைக்கிளில் வெள்ளோட்டம் பார்க்கப் போனேன். வரப்பு ஒரு ஆள் நடக்கிற அகலம்தான். ஆளும் சைக்கிளும் சேர்ந்து போக வேண்டுமானால் ஆள் ரொம்பச் சின்னதாக இருக்க வேண்டும். நான் அப்படி இல்லை. சைக்கிளோடு பாத்திக்குள் இறங்கினேன், இறங்கினேன் என்றால் விழுந்தேன். எழுந்து உருட்டிக்கொண்டே வரப்பின் கடைசிக்குப் போனால் அங்கே உப்பு ஏற்றிக்கொண்டு ஒரு லாரி நிற்கிறது. வீட்டுக்கு வருவதற்குள் பேண்ட் காய்ந்து விறைத்துவிட்டது. அதைக் கழற்றிச் சுவரோரம் சாத்தினேன், தானாக நின்றது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சிரித்தாள்.

அடுத்தது கடற்கரை. எங்கள் யார்டில் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், பதினைந்து வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். கடல் வற்றுகிற நேரம் பார்த்து ஈர மணலில் ஓட்டினால் ரோடு மாதிரி இருக்கும் என்று அவர் சொன்னார். காயல்பட்டினத்திலிருந்து வடக்கே ஓட்டினேன். முதல் பத்து நிமிஷம் அவர் சொன்னது சரிதான். அப்புறம் செயினுக்குள் மணல் போய், மிதித்தால் ஆட்டுக்கல் சுற்றுகிற சத்தம் வந்தது. தள்ளிக்கொண்டே புன்னைக்காயல் போய்ச் சேர்ந்தால் தாமிரபரணி கடலில் விழுகிற இடம் குறுக்கே நிற்கிறது. லாரி இல்லை என்பது உண்மை. ரோடும் இல்லை.

மணலைக் கழுவுவதற்குச் சைக்கிள்கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவருக்கு என் மனைவியின் பழைய சைக்கிள் மேல் ரொம்ப நாளாக ஒரு கண். “இந்த இரும்பு இப்ப வாரதில்ல” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். நிபந்தனையைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். ஆனாலும் நியாயமான மனுஷர். செயினைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“வாய்க்காக் கரைல போவ வேண்டியதுதான? அத்திமரப்பட்டில ஏறினா ஸ்ரீவைகுண்டம் அணை வரைக்கும் கரைதான். ஒரு பஸ்ஸு கெடையாது, ஒரு லாரி கெடையாது.”

எனக்கு இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். தாமிரபரணியை ஸ்ரீவைகுண்டத்தில் அணை போட்டு நிறுத்தி, அதிலிருந்து ஆற்றின் இரண்டு பக்கமும் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். வடக்குப் பக்கம் வருவது வடகால். வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து வந்து எங்கள் ஊர்ப் பக்கத்துக் குளங்களில் முடிகிறது. அதன் கரை முழுக்க மண்ரோடு. ஸ்ரீவைகுண்டத்துக்கு மேலே மருதூர் அணை, அதற்கும் மேலே இன்னும் அணைகள், ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய், ஒவ்வொரு கால்வாய்க்கும் கரை. ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு மாறி மாறிப் போனால் ஹைவேயைத் தொடாமலே பாபநாசம் மலை அடிவாரம் போய்விடலாம். கடலில் ஆரம்பித்து மலையில் முடியும். போனில் மேப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். டீ ஆறிப்போனது இரண்டு தடவை.

பாபநாசம் அப்புறம். முதல் கட்டம் ஸ்ரீவைகுண்டம் வரை. எப்போது போவது என்பதுதான் கேள்வி. இங்கேதான் என் உத்தியோக மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்திருக்கலாம்.

கால்வாயில் தண்ணீர் ஓடினால் கரையில் கூட்டம் இருக்கும். குளிக்க வருவார்கள், துணி துவைக்க வருவார்கள், நாற்று நட டிராக்டர் வரும், வாழைத்தார் ஏற்ற வண்டி வரும். தண்ணீர் இல்லாவிட்டால்? துறைமுகத்தில் நான் பார்த்த வரைக்கும் கப்பல் இருந்தால்தான் லாரி. கப்பல் கிளம்பிவிட்டால் யார்டு வாசலில் நாய் நடு ரோட்டில் கால் நீட்டிப் படுத்துத் தூங்கும். அதே நியாயம்தானே இங்கேயும்? தண்ணீர் போய்விட்டால் வாய்க்கால் கரையில் எவனுக்கு என்ன வேலை? மே மாதம் கால்வாயை அடைத்திருப்பார்கள், ஜூனில்தான் திரும்பத் திறப்பார்கள். மே மாதம் பள்ளிக்கூடமும் லீவு. எல்லாம் கனகச்சிதமாகப் பொருந்தியது. நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

இருந்தாலும் உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று, மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் ஒருவரின் நம்பரை எப்படியோ பிடித்துப் பேசினேன்.

“அண்ணாச்சி, வடகால் அடைச்சாச்சா?”

“அடைச்சு ஒரு மாசமாச்சே.”

“கரைல ஆள் நடமாட்டம் எப்டி?”

“தண்ணியே இல்ல, ஆளு எங்க வரும்? குளிக்கக்கூட ஒரு ஈ காக்கா கெடையாது.”

இதற்கு மேல் என்ன வேண்டும்? நான் ஆளைக் கேட்டேன், அவர் ஆளைச் சொன்னார். அந்த மனுஷர் மேல் ஒரு குற்றமும் கிடையாது.

மே மாதம் ஒரு சனிக்கிழமை என்று முடிவானது. சைக்கிளின் மேல் இருந்த துணிகளுக்கு வேறு இடம் பார்த்தோம். அண்ணாச்சி வந்து டயர் மாற்றி, எண்ணெய் போட்டு, ஹேண்டிலை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியாக ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. லாரி இல்லாத ரோட்டுக்குப் போய்ச் சேர லாரி ரோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் ஒரு குட்டி யானையை அமர்த்தினேன். பின்னால் இரண்டு சைக்கிளையும் படுக்கப் போட்டு, டிரைவர் பக்கத்தில் நாங்கள் இருவரும் ஒண்டி உட்கார்ந்து, விடிவதற்கு முன்னால் அத்திமரப்பட்டிக்குக் கிளம்பினோம்.

“இந்த வண்டி லாரிக்கணக்குல சேருமா?” என்று நான் கேட்டேன்.

அவள் யோசித்தாள். “நாலு சக்கரந்தான இருக்கு. சேராது.” டீச்சர் மார்க் போட்டால் போட்டதுதான். எனக்குப் பாதி உயிர் வந்தது.

கரையில் ஏறியபோது கிழக்கே லேசாக வெளுத்திருந்தது. முதல் பத்தடி அவள் உருட்டிக்கொண்டு நடந்தாள். பிறகு ஒரு காலைப் பெடலில் வைத்தாள். எடுத்தாள். திரும்பவும் வைத்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பி வாழை மரங்களை ரொம்ப அக்கறையாகப் பார்த்தேன். திரும்பினால் அவள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறாள். சேலையை இழுத்துச் செருகி, தலையில் மகள் வாங்கி அனுப்பிய சிவப்பு ஹெல்மெட். இரண்டு வருடம் ஓட்டாதவள் மாதிரியே இல்லை. ஹேண்டில் இரண்டு தடவை ஆடியது, அவ்வளவுதான். மனசுக்குள் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டேன். நான் அவளிடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

வலது பக்கம் வாழைத்தோட்டம், இடது பக்கம் வறண்டு கிடந்த கால்வாய், இரண்டுக்கும் நடுவே நாங்கள். மயில் ஒன்று குறுக்கே ஓடியது. மேற்கே தூரத்தில் வல்லநாட்டு மலை ஒரு கோடாகத் தெரிந்தது. அதற்கும் பின்னால் தெரிந்தது மேற்குத் தொடர்ச்சி மலையா மேகமா என்று எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. நல்ல சண்டை. சைக்கிள் ஓட்டிக்கொண்டே சண்டை போட்டு ரெண்டு வருடம் ஆகியிருந்தது.

“பாத்தியா? லாரி இருக்கா?” என்றேன்.

“வாய வச்சிக்கிட்டுச் சும்மா வாங்க” என்றாள்.

எட்டு கிலோமீட்டர் வந்திருப்போம். ஒரு வளைவு. வளைவுக்கு அந்தப் பக்கம் ஏதோ இரைச்சல் கேட்டது. பம்ப்செட் என்று நினைத்தேன். பம்ப்செட் இல்லை, ஜேசிபி. கால்வாய்க்குள் நின்றுகொண்டு வண்டலை வாரி வாரிக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தது. இல்லை, கரையில் கொட்டவில்லை. கரையில் நின்ற டிப்பர் லாரியில் கொட்டியது. அதற்குப் பின்னால் இன்னொரு டிப்பர் லாரி. அதற்குப் பின்னால் இன்னொன்று. கண்ணுக்கு எட்டிய மட்டும் மஞ்சள் மஞ்சளாக வரிசை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. துறைமுகத்தில் கப்பல் போனால் லாரி போகும். கால்வாயில் தண்ணீர் போனால்தான் லாரியே வரும். தூர்வாருவதற்குத்தானே அடைக்கிறார்கள்! ஒரு விவசாயியைக் கேட்டிருந்தால், ஏன், அவன் வீட்டு மாட்டைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருக்கும். வருடம் முழுக்க லாரியே வராத அந்தக் கரையில், லாரி வருகிற அந்தச் சில நாட்களைத் தேடிப் பொறுக்கி எடுத்து என் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அவள் இறங்கி நின்றுவிட்டாள். “திரும்பிருவம்” என்றாள். திரும்பினோம். நாங்கள் வந்த பக்கத்திலிருந்தே, மண்ணைக் கொட்டிவிட்டுக் காலியாக ஒரு டிப்பர் வந்துகொண்டிருந்தது. அது ஹாரன் அடித்தது. அவள் என் சட்டையைப் பிடித்தாள். கரையின் அகலம் ஒரு லாரிதான். நான் அவளையும் இரண்டு சைக்கிளையும் இழுத்துக்கொண்டு ஓரத்து உடைமுள்ளுக்குள் ஒதுங்கினேன். அது எங்களைத் தாண்டி ஐம்பதடி போய் வரிசையில் நின்றது. அதன் பின்னால் இன்னொன்றின் சத்தம் கேட்டது.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கையில் குத்தியிருந்த முள்ளை எடுத்துக்கொண்டே, “சைக்கிள அண்ணாச்சிட்ட குடுத்துரலாம்” என்று மட்டும் சொன்னாள். ரொம்ப அமைதியாகச் சொன்னாள். எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. முள் இருந்ததால் உட்காரவில்லை.

அடுத்த டிப்பர் வருவதற்குள் எங்கேயாவது ஒதுங்க வேண்டுமே என்று சுற்றிலும் பார்த்தேன். ஒரு பக்கம் தோட்டத்து முள்வேலி. மறு பக்கம் கால்வாய். என் மனைவி கால்வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜேசிபி நிற்கிற இடத்துக்கு மேற்கே தூர்வாரி முடித்திருந்தார்கள். தரை சுரண்டி எடுத்து மட்டமாக, இறுகிப்போய், நேராக மேற்கே போனது. எங்கள் தெரு ரோடுகூட அவ்வளவு ஒழுங்காக இருக்காது.

“ஏங்க,” என்றாள், “வாய்க்காலுக்குள்ள லாரி போவுமா?”

“லாரி எப்டிப் போவும்? எல்லாம் கரைலதான் நிக்கி.”

“அப்பம் அதுதான் ரோடு.”

“நீ வச்ச கண்டிஷன்?”

“நான் என்ன சொன்னேன்? என் ரோட்டுல லாரி வரப்படாதுன்னு சொன்னேன். அவன் ரோடு மேல போவுது. என் ரோடு கீழ போவுது.”

இந்தத் தீர்ப்பை நான் சொல்லியிருந்தால் ஏமாற்று வேலை என்றிருப்பாள். அவளே சொன்னதால் அது சட்டம். துணி துவைக்கிற படிக்கட்டு ஒன்று இருந்தது. ஒவ்வொரு சைக்கிளாக இறக்கி, ஜேசிபியைத் தாண்டுகிற வரைக்கும் வண்டல் மேல் உருட்டிக்கொண்டு போனோம். ஜேசிபிக்காரர் எங்களைக் கண்டு கையை அப்படியே நிறுத்திவிட்டார், இரும்புக் கையையும்தான். நான் அவருக்கு வணக்கம் வைத்தேன். பாவம், அவரும் வணக்கம் வைத்தார்.

அதற்கு அப்புறம் இரண்டு மணி நேரம் நாங்கள் போன பாதையில் அதற்கு முன்னால் யாரும் சைக்கிளில் போயிருக்கமாட்டார்கள். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கரை, மேலே துண்டு வானம். தலைக்கு மேலே லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. கீழே என் மனைவி மணியடித்துக்கொண்டு போனாள். எதிரே யாரும் இல்லாத இடத்தில் எதற்கு மணி என்று கேட்டேன். இரண்டு வருடமாக அடிக்காத மணி என்றாள். தேங்கிக் கிடந்த குட்டையில் கொக்குகள் நின்றன. கரையோரத்தில் விதவிதமான ஒற்றைச் செருப்புகள். சோடி ஒன்றுகூடக் கிடையாது. குளிக்க வருகிற சனம் ஒரு செருப்பை மட்டும் எப்படித்தான் விடுகிறது?

ஒரு பாலத்துக்கு அடியில் நுழையும்போது மேலே இருந்து ஒரு பொம்பளை கத்தினாள்: “ஏளா, இங்கன வந்து பாரு! வாய்க்காலுக்குள்ள சைக்கிள் போவுது!”

அந்தப் பக்கம் வெளியே வந்தபோது பாலத்தின் மேல் ஏழெட்டுத் தலை. “எங்க போறிய?” என்று ஒருத்தி கேட்டாள்.

“பாவநாசத்துக்கு!” என்று என் மனைவி நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொன்னாள்.

“அதுக்கு பஸ்ஸு இருக்கே!”

ஒரு மதகு ஷட்டருக்குப் பக்கத்தில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் குடையோடு நின்றார். குரலைக் கேட்டதும் போனில் பேசிய லஸ்கர் இவர்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. “யாரு உங்கள உள்ள எறங்கச் சொன்னா? நீங்கபாட்டுக்கு வாய்க்காலுக்குள்ள வண்டி ஓட்டுதிய?” என்றார். என் மனைவி சைக்கிளை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, “கரைல நிம்மதியாப் போவ நீங்க விட்டிருந்தா நாங்க எதுக்கு இங்க எறங்குதோம்?” என்று வகுப்பில் கேட்பது போலக் கேட்டாள். அவர் குடையைச் சுருக்கினார். கடைசியில் அவரே ஒரு பக்கம் பிடித்து ஷட்டரைத் தாண்டிச் சைக்கிள்களைத் தூக்கிவிட்டார். “மேக்கே போவப் போவ சகதி இருக்கும் டீச்சர், பாத்துப் போங்க” என்றும் சொன்னார். இவள் டீச்சர் என்று அவரிடம் யார் சொன்னது என்று தெரியவில்லை.

அவர் சொன்ன சகதி அணைக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால் வந்தது. அங்கே இன்னும் தூர்வாரவில்லை. முழங்கால் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர், அதன் மேல் ஆகாயத்தாமரை. சைக்கிள் ஒரு அடிகூடப் போகாது. கரைக்கு ஏறித்தான் ஆக வேண்டும். ஏறுகிற சாய்வு ஒன்றுதான் இருந்தது, அதன் தலைமாட்டில் கரை இன்னும் குறுகலாக இருந்தது. ஒரு பக்கம் பழைய கல் சுவர், மறு பக்கம் லாரிகள் போகிற தடம். நாங்கள் சைக்கிளைத் தள்ளி மேலே ஏறிய நேரத்தில் அணைப் பக்கத்தில் இன்னொரு ஜேசிபியிடம் பாரம் ஏற்றிக்கொண்டு ஒரு டிப்பர் எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

“நீ சுவரோட நில்லு. நான் போய் அவன நிறுத்துதேன்” என்றேன். லாரியை நிறுத்துவது எனக்குப் புதிதா என்ன?

“நிறுத்தாதிய” என்றாள்.

“ஏன்?”

“நிறுத்தின லாரியப் பாத்து எனக்கு என்னைக்குப் பயம்? அது போவட்டும். போறத நான் பாக்கணும்.”

இறங்கி வாய்க்காலுக்குள்ளேயே போய்விடலாம், திரும்பிப் போகலாம், பாபநாசமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் கேட்கவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, சைக்கிளை முன்னால் நேராக நிறுத்தி, ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என் சட்டையைப் பிடிக்கவில்லை. நான்தான் அவள் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

லாரி வந்தது. வேகமெல்லாம் இல்லை, அந்தக் கரையில் வேகமாகப் போக முடியாது. ஆனாலும் லாரி லாரிதான். தரை அதிர்ந்தது. டயர்கள் ஒவ்வொன்றாக எங்களிடமிருந்து ஒரு கை தூரத்தில் உருண்டன. அவள் கண்ணை மூடவில்லை. இடது கை மட்டும் நடுங்கியது, பிளேட் வைத்த கை. அந்த நடுக்கத்தில் சைக்கிள் மணி தானாகவே கிணுகிணுவென்று அடித்துக்கொண்டிருந்தது. கடைசி டயரும் தாண்டியது. புழுதி எங்கள் மேல் இறங்கியது. மணி இன்னும் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு ஓய்ந்தது.

“போயிட்டு” என்றாள்.

நான் முந்தியை இன்னும் விடவில்லை.

“போயிட்டுங்க. நான் இங்கனதான் நிக்கேன்.” புழுதி படிந்த முகத்தில் கண்ணீர் இரண்டு கோடாக இறங்கியது. சிரித்துக்கொண்டும் இருந்தாள். நான் வெட்கத்தை விட்டு அழுதேன். அவள் முந்தியாலேயே முகத்தைத் துடைத்தேன், அது என்னைவிட அழுக்காக இருந்தது.

அணை எதிரே தெரிந்தது, அந்தப் பக்கம் கரை கொஞ்சம் அகலமாகவே இருந்தது. அவள் ஹெல்மெட்டைச் சரி செய்து ஏறி உட்கார்ந்து மிதித்தாள், நான் பின்னால். இருநூறு அடி போயிருப்போம், எனக்குப் பின்னால் ஏர் ஹாரன் அலறியது. மண்ணைக் கொட்டிவிட்டு வந்த காலி டிப்பர். அவள் ஓரமாக ஒதுங்கிக் கொடுத்தாள், கையை நீட்டி ‘நீ போ’ என்று காட்டினாள், மிதித்துக்கொண்டே இருந்தாள். இறங்கவில்லை. நான்தான் இறங்கி, சைக்கிளோடு உடைமுள்ளுக்குள் ஒதுங்கி நின்றேன்.